கதைப்பை, கதைக்கயிறு, படங்கள்: சின்னக் குழந்தைகளைக் கதை சொல்ல வைக்க முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு நாம் கதை சொல்வது ஒரு வேலை, குழந்தை நமக்குக் கதை சொல்வது வேறு வேலை. இங்கே சொல்லப்போவது இரண்டாவதை. 3 முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளோடு இருக்கிற அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, அங்கன்வாடி டீச்சர், நூலகத்தில் கதை நேரம் நடத்துகிறவர் என்று யாரும் செய்து பார்க்கலாம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நிறையப் பொம்மைகளை வாங்கிப் பாயில் பரப்பிவிட்டு "எங்கே, ஒரு கதை சொல்லு" என்பார்கள். குழந்தை "இது காக்கா, இது பானை, இது பாட்டி" என்று பெயர்களை ஒப்பித்துவிட்டு விளையாடப் போய்விடும். பொம்மை ஒரு பொருளைத்தான் காட்டும். ஏன் அப்படிச் செய்தது, அதனால் என்ன ஆனது, நடுவில் என்ன தடங்கல் வந்தது என்பதெல்லாம் பொம்மையில் தெரியாது. கதையின் மூட்டுகள் அவைதான். அந்த மூட்டுகளையும் கையால் பிடித்துப் பார்க்கிற மாதிரி செய்து கொடுத்துவிட்டால் மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியிலும் சில நாள் தங்குங்கள். ஒரு தடவைக்கு 10 நிமிடம், மிஞ்சினால் 15 நிமிடம் போதும்.

1. குழந்தை இப்போது எங்கே நிற்கிறது?

எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். "கதை சொல்லு" என்று கேட்காமல், குழந்தையே பார்த்த ஒன்றைப் பார்க்காத ஒருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். "காலையில பூனை வந்து பாலைக் கொட்டிடுச்சே, அப்பாவுக்குத் தெரியாது, சொல்லு." கேட்கிற ஆளுக்கு நிஜமாகவே தெரியாது என்றால்தான் குழந்தைக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கும். தெரிந்துவைத்துக்கொண்டு கேட்பது பரீட்சை, பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள், இல்லையென்றால் போனில் பதிவு செய்யுங்கள். "பூனை. பால்." என்று நின்றுவிட்டால் படி 3-லிருந்து ஆரம்பிக்கலாம். "பூனை வந்துச்சு, அப்புறம் பால் கொட்டுச்சு, அப்புறம் ஓடிடுச்சு" என்று நிகழ்ச்சிகளை அடுக்கினால் படி 3, 4 இரண்டையும் வேகமாக முடித்துவிட்டு 5-இல் நிறையத் தங்குங்கள். "அம்மா கத்தினாங்களா, அதனால பயந்து ஓடிடுச்சு" என்று காரணமும் வந்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு 7, 8 தான் வேலை.

2. என்னென்ன வேண்டும்

ஒரு துணிப்பை. வாய் சுருங்குகிற மாதிரி, உள்ளே இருப்பது வெளியே தெரியாத துணியில். பார்க்காமல் கைவிட்டுத் துழாவும்போது "கரடுமுரடா இருக்கு", "சில்லுன்னு இருக்கு" என்று வார்த்தைகள் தானாக வரும், அதற்குத்தான் பை.

5 பொருட்கள். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். பத்துப் பொருள் கொடுத்தால் பத்தையும் எப்படியாவது உள்ளே நுழைத்துவிட வேண்டும் என்பதிலேயே குழந்தையின் கவனம் போய்விடும், கதை கிடைக்காது. கறுப்புத் துணியில் பஞ்சடைத்த ஒரு காகம், சொப்புச் சாமானில் ஒரு பானை, ஒரு மரக்கிளை என்று வீட்டில் இருப்பதே போதும். தையல் கடையில் வெட்டுத்துணி கேட்டால் கொடுப்பார்கள். பேட்டரி போட்டுச் சத்தம் எழுப்பும் பொம்மைகளை மட்டும் தள்ளி வையுங்கள். பொத்தானை அமுக்கியதும் பொம்மை பேச ஆரம்பித்துவிடும், பிள்ளை பேசாது.

ஏறக்குறைய 1 மீட்டர் நீளமுள்ள பருத்திக் கயிறு, கட்டைவிரல் பருமனில். தென்னங்கயிறு கையைக் குத்தும். ஆட்டம் முடிந்ததும் கயிற்றை நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள், கழுத்தில் சுற்றிக்கொள்கிற வயது இது.

இடத்தைக் காட்ட மூன்று நான்கு துண்டுகள்: தெருவுக்கு உப்புத்தாள், தோட்டத்துக்குப் பச்சைத் துண்டு, குளத்துக்கு வழவழப்பான நீலத் துணி. சின்னப் பிள்ளைகள் கதையில் முதலில் விடுவது "எங்கே" என்பதைத்தான், அது கைக்கு உறைத்தால் விடமாட்டார்கள். கடைசியாகக் கொஞ்சம் பஞ்சும், சிரிப்பு, அழுகை, பயம், கோபம் வரைந்த நான்கு அட்டை முகங்களும்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கிடையாது. 3.2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் முழுசாக நுழைந்துவிடும் எதையும் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற இடத்தில் வைக்கக் கூடாது. புளியங்கொட்டை, பச்சைப்பயறு, பாசிமணி எல்லாம் மூக்குக்குள் போகிற சமாச்சாரம், பெரிய பிள்ளைகளோடும் பக்கத்தில் இருந்தே பயன்படுத்துங்கள். குன்றிமணி பார்க்க அழகாக இருக்கிறது என்று சிலர் பையில் போடுகிறார்கள். அது விஷம், எந்த வயதுக்கும் வேண்டாம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி உருண்டைகளும் வேண்டாம், விழுங்கினால் வயிற்றுக்குள்ளேயும் பெருக்கும்.

3. கதைக்கு முன்னால் கை

பையை முதல் தடவை திறக்கும் நாளில் கதையே சொல்லாதீர்கள். தொட்டு, முகர்ந்து, தட்டி, தூக்கிப் போட்டுப் பார்க்கட்டும். புதுப் பொருளைக் கையில் வைத்திருக்கும் குழந்தைக்கு உங்கள் கதை காதில் ஏறாது, அந்த ஆர்வம் முதலில் தீர வேண்டும்.

இங்கே பெரியவர்கள் செய்யும் தவறு, கேள்விமேல் கேள்வி கேட்பது. "இது என்ன கலர்? இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" இரண்டாவது கேள்வியிலேயே குழந்தைக்கு இது பாடம் என்று புரிந்துவிடும். அதற்குப் பதில் நீங்களும் ஒன்றை எடுத்துத் தடவி "அட, இது சொரசொரன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அது போதும்.

ஒட்டுகிற, பிசுபிசுக்கிற பொருளைத் தொடப் பிடிக்காத பிள்ளைகள் உண்டு. கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு கரண்டியையோ துணியையோ கொடுத்து அதனால் தொடச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

4. ஒரு தடவை நீங்கள் சொல்லிக் காட்டுவது

முதல் கதை ஏற்கெனவே தெரிந்த கதையாக இருக்கட்டும். நான் எப்போதும் தாகமெடுத்த காக்கா கதையில்தான் தொடங்குவேன். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே பிரச்சினை, தீர்வும் கண்முன்னால் நடக்கும். பாட்டி வடை சுட்ட கதை எல்லோருக்கும் பிடிக்கும்தான், ஆனால் அதில் நரியின் தந்திரம் இருக்கிறது, அதை அப்புறம் பார்க்கலாம்.

கற்களை நிஜமாகவே தண்ணீரில் போடுங்கள். அதற்கு அகலமான வாயுள்ள, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா வேண்டும். சொம்பில் போட்டால் தண்ணீர் ஏறுவது யாருக்கும் தெரியாது. கற்கள் பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கட்டும். இதில் ஒரு விஷயம், டப்பாவில் தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தால் எத்தனை கல் போட்டாலும் பெரும்பாலும் வாய்வரை வராது, கற்களின் இடுக்குகளிலேயே தங்கிவிடும். பாதிக்கு நன்றாக மேலேயே வைத்து, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, டீச்சர் கல்லாகப் போட்டுக்கொண்டே இருக்க, காக்கா கடைசிவரை தாகத்தோடேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மெதுவாக, பேச்சுத்தமிழில் சொல்லுங்கள். "ஒரு ஊர்ல ஒரு காக்கா இருந்துச்சாம்." பெயர் வரும்போது அந்தப் பொருளைப் பையிலிருந்து எடுத்து வையுங்கள், அதற்கு முன்னால் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் முதலிலேயே பரப்பினால் அடுத்து என்ன வரும் என்ற ஆவல் செத்துவிடும்.

5. கதைக்கயிறு

இந்த முறையின் இதயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கயிற்றைத் தரையில் இடமிருந்து வலமாக நீட்டி வையுங்கள். நாம் படிப்பதும் எழுதுவதும் அந்தத் திசையில்தான், கண் இப்போதே அதற்குப் பழகட்டும். குழந்தையும் நீங்களும் கயிற்றுக்கு ஒரே பக்கத்தில் அருகருகே உட்கார வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் உங்கள் ஆரம்பம் குழந்தைக்கு முடிவாகத் தெரியும். அங்கன்வாடியில் வட்டமாக உட்கார வைத்துப் பழக்கம் என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. பாதிப் பிள்ளைகள் கதையைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சு போடுங்கள், ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடுகிற மாதிரி, பாவாடை நாடாவுக்குப் போடுவது போல. கதையில் சிக்கல் வரும் இடம் அது. இடது முனையில் இடத்துண்டை வைத்து அதன்மேல் காக்கா. முடிச்சின்மேல் தண்ணீர் எட்டாத பானை. அதைத் தாண்டிக் கற்கள். வலது முனையில் சிரித்த முகம்.

இப்போது குழந்தையின் விரலைப் பிடித்துக் கயிற்றின்மேல் நகர்த்திக்கொண்டே கதையைச் சொல்லுங்கள். முடிச்சு வந்ததும் விரல் தடுக்கும். அங்கே நீங்களும் நிறுத்துங்கள். "ஆனா..." என்று இழுத்துவிட்டுக் காத்திருங்கள். கல் போட்டுத் தண்ணீர் மேலே வந்ததும் குழந்தையே முனையை இழுத்து முடிச்சை அவிழ்க்கட்டும். சிக்கல் தீர்ந்தால்தான் கதை முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியவில்லை. "அப்புறம், அப்புறம்" என்று மட்டுமே அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் "ஆனா"வும் "அதனால"வும் பெரும்பாலும் இந்த முடிச்சுக்குப் பிறகுதான் வருகின்றன.

முடிச்சை இறுக்கிப் போட்டுவிடாதீர்கள். அவிழாத முடிச்சோடு குழந்தை மல்லுக்கட்ட ஆரம்பித்தால் காக்கா மறந்துபோகும்.

6. பை குழந்தையின் கைக்கு

இனி குழந்தை சொல்ல, நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் வேலை உம் கொட்டுவது. நம் பாட்டிமார்கள் கதை சொல்லும்போது நாம் செய்ததைத் திரும்பச் செய்கிறோம், அவ்வளவுதான். "ம்", "அய்யோ", "அப்புறம்?" இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு கதையை முழுசாக வாங்கிவிடலாம்.

குழந்தை நின்றுவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரியவர்களால் மூன்று வரைகூடப் பொறுக்க முடிவதில்லை, உடனே அடுத்த வரியை எடுத்துக்கொடுத்துவிடுகிறார்கள். பத்துக்குப் பிறகும் வரவில்லையென்றால் கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "பானைகிட்ட வந்துச்சா..." அதுவும் பலிக்கவில்லையென்றால் அடுத்த பொருளை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள். வார்த்தையைக் கொடுப்பது கடைசி வழி.

பேச்சைத் திருத்த வேண்டாம். "இருந்துச்சு"வை "இருந்தது" ஆக்குவதற்கு இது இடமில்லை. கதை மாறினாலும் திருத்த வேண்டாம், காக்கா ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் குடிக்கட்டும்.

கூட்டமாகச் செய்கிறீர்கள் என்றால் ஒரு கயிற்றுக்கு 5 பிள்ளைகள் போதும். ஆளுக்கொரு பொருளைக் கொடுத்தால் தன் பொருள் வைக்கப்பட்டதும் அந்தப் பிள்ளையின் கவனம் கலைந்துவிடும். சொல்பவர் ஒருவர், மற்றவர்கள் உம் கொட்டுபவர்கள், கல் விழும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து "டொபுக்!" என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூச்சப்படும் பிள்ளைகள் இந்த "டொபுக்"கில்தான் முதலில் வாய் திறப்பார்கள், அதையே அவர்களின் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள்.

7. மனசுக்குள் நடப்பதைக் காட்டுவது

இப்போது பாட்டி, காக்கா, நரி, வடை. குழந்தை இதைச் சொன்னால் பொதுவாக இப்படி வரும்: "காக்கா வடையை எடுத்துச்சு. நரி வந்துச்சு. நரி வடையைத் தின்னுடுச்சு." நடுவில் ஒரு பெரிய ஓட்டை. நரி ஏன் பாடச் சொன்னது, காக்கா ஏன் வாயைத் திறந்தது என்பதெல்லாம் காணோம். பிள்ளைமேல் குறை இல்லை. ஆசைக்கும் தந்திரத்துக்கும் பையில் பொருளே கிடையாதே.

அதற்குத்தான் பஞ்சு. ஒரு உருண்டையைப் பிய்த்து நரியின் தலைக்கு மேலே வைத்து "நரி மனசுல என்ன நினைச்சுது?" என்று கேளுங்கள். அப்புறம் இன்னொரு உருண்டையைக் காக்கா தலைமேல் வையுங்கள். இரண்டும் வேறு வேறு என்று தெரியும்போது கதையின் நடுப்பகுதி முளைக்கும். உணர்ச்சிக்கு முக அட்டைகள். வடை விழுந்ததும் காக்காவுக்கு எந்த முகம், நரிக்கு எந்த முகம், பாட்டிக்கு எந்த முகம் என்று குழந்தையே வைக்கட்டும்.

3 வயதில் இது பலிக்காமல் போகலாம். நரி நினைப்பது காக்காவுக்குத் தெரியாது என்கிற புரிதல் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 4 வயதையொட்டித்தான் வருகிறது. பதில் வரவில்லையென்றால் நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள்.

8. ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள்

புதுக் கதைக்கு எல்லாவற்றையும் புதிதாகக் கொடுக்காதீர்கள். தெரிந்த கதையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மீதி நான்கும் குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும்.

முதலில் ஆளை மாற்றுங்கள். காக்காவுக்குப் பதில் ஆட்டுக்குட்டி. அதற்கு அலகு இல்லையே, கல்லை எப்படி எடுக்கும்? அங்கேதான் குழந்தை சொந்தமாக யோசிக்க ஆரம்பிக்கும். பிறகு இடம். அதற்குப் பிறகு சிக்கல், பானையில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மூடி திறக்கவில்லை. முடிவைக் கடைசியில் மாற்றலாம், அது கஷ்டமானது. வரிசை தவறி முதல் நாளே "வேற முடிவு சொல்லு" என்று கேட்டால் "தெரியாது" என்ற பதில்தான் கிடைக்கும்.

9. பொருளிலிருந்து படத்துக்கு

கையில் பிடித்துச் சொல்லப் பழகிய பிறகுதான் படம். முதல் படங்களைக் கடையில் வாங்காதீர்கள். கயிற்றில் நீங்கள் வைத்த அதே காக்காவையும் பானையையும் போனில் மூன்று படம் எடுத்து 4-க்கு 6 அங்குல அளவில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பம், சிக்கல், முடிவு. தான் தொட்ட பொருளையே படத்தில் பார்க்கும்போது குழந்தை தடுமாறாது.

மூன்றைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கியது தவறு என்று தோன்றினால் வாயை மூடிக்கொண்டு முதலில் கதையைக் கேளுங்கள். "காக்கா குடிச்சுச்சு, மறுபடி தாகம் எடுத்துச்சு" என்று அந்த வரிசைக்கும் ஒரு நியாயம் வைத்திருப்பார்கள். மூன்று படம் சரளமான பிறகு ஐந்துக்குப் போகலாம்.

அடுத்து கோட்டுப்படம், அதற்கும் அடுத்து குழந்தை தானே வரைவது. வரைந்து முடித்ததும் சொல்லச் சொல்லி, அது சொன்ன வார்த்தைகளையே, பேச்சுவழக்கு மாறாமல், படத்துக்குக் கீழே எழுதி விரல் வைத்துப் படித்துக் காட்டுங்கள். தன் பேச்சு எழுத்தாக அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் அடுத்த நாள் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அதுவே வந்து நிற்கும்.

10. பார்வைக் குறைபாடுள்ள குழந்தை இருந்தால்

மேலே சொன்ன முறையில் ஒரு முக்கிய மாற்றம் தேவை. குட்டிப் பொம்மைகள் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. கையளவு பிளாஸ்டிக் யானையைத் தடவினால் யானை தெரியாது, நான்கு கால் உள்ள ஒரு பிளாஸ்டிக்தான் தெரியும். அதனால் கதையில் வருகிற நிஜப் பொருளையே வையுங்கள். காக்காவுக்கு ஒரு நிஜ இறகு, பாட்டிக்கு அவர் கையிலுள்ள கரண்டி, வீட்டுக்கு ஒரு தாழ்ப்பாள். படங்களுக்குப் பதில் மூன்று அட்டைகளில் அதே பொருட்களின் துண்டுகளை ஒட்டலாம். கயிறும் முடிச்சும் அப்படியே பொருந்தும். குழந்தையின் கையை இழுத்துப் பொருளின்மேல் வைக்காமல் உங்கள் கைக்குமேல் அதன் கையை வைக்க விடுங்கள். எப்போது விலக வேண்டும் என்பதை அது முடிவு செய்யட்டும்.

11. கருவிகளை எடுத்துவிடுவது

பையும் கயிறும் ஊன்றுகோல்தான். ஒரே கதையைக் குழந்தை இரண்டு மூன்று தடவை தடையில்லாமல் சொல்லிவிட்டால் ஒரு பொருளை எடுத்துவிடுங்கள். முதலில் காக்காவை எடுக்கலாம், குழந்தை அதை மறக்காது. முடிச்சைக் கடைசிவரை விட்டு வையுங்கள். பிறகு வெறும் கயிறு, பிறகு கயிறும் இல்லாமல். சில பிள்ளைகள் காற்றிலேயே விரலை இடமிருந்து வலமாக நகர்த்திச் சொல்வார்கள், நடுவில் அந்த விரல் ஒரு கணம் நிற்கும். கயிறு இனித் தேவையில்லை என்று அர்த்தம்.

எடுத்தவுடன் கதை சுருங்கிவிட்டால் பொருளைத் திரும்ப வையுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

4 வயது தாண்டியும் இரண்டு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை, எளிய கதையைக் கேட்டாலும் புரியவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். பல மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி. என்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, பேச்சுப் பயிற்சியாளரை அங்கே பார்க்கலாம். போகும்போது படி 1-இல் எழுதி வைத்த தாளையும் போனில் இருக்கும் பதிவையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காமல் போனாலும் வீட்டில் எப்படிப் பேசுகிறது என்று அவர்களுக்குக் காட்ட அது உதவும்.